மேல் முனை அவர் பக்கம்

காந்த அறைக்குள் நுழைகிற யாரானாலும் தங்களிடம் இருக்கும் இரும்பையெல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பெல்ட், கொண்டை ஊசி, சேப்டி பின் எல்லாம் வாசலில் இருக்கும் மரத்தட்டுக்குப் போய்விடும். ஒரு தடவை பெரிய பதவியில் இருந்த ஒருவர் பார்வையிட வந்தார். பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அறிவியலின் வளர்ச்சியைப் பாராட்டிவிட்டுப் போனார். அந்த அறையை ஆள்பவளுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்திருந்த பெயர் காந்தம். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. ஏரியின் அடியில் சேறு படியும்போது அதிலிருக்கும் பொடிப்பொடி இரும்புத் துகள்கள் அந்தக் காலத்து வடக்கைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கின்றன. மேலே அடுத்த சேறு விழுந்து அழுத்திவிட்டால் பிறகு அசைவதில்லை. பூமியின் காந்த வடக்கும் தெற்கும் என்றைக்கும் இன்றிருக்கிற இடத்திலேயே இருந்தவை அல்ல. கடைசியாக அவை இடம் மாறிக்கொண்டு ஏறக்குறைய ஏழு லட்சத்து எண்பதாயிரம் ஆண்டு ஆகிறது. இவர்கள் ஆராயும் ஏரியில், அதற்குப் பின் படிந்த சேற்றில் துகள்கள் இன்றைய காந்த ஊசியைப் போலக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதற்கு முன் படிந்திருந்தால் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தத் திருப்பம் எந்த ஆழத்தில் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த இடத்துச் சேற்றுக்குத் துணிந்து வயது சொல்லிவிடலாம். ஆனால் துகள்களின் காந்தம் அற்பத்திலும் அற்பம். பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வந்து கத்தினால் இவை பேசுவது கருவியின் காதில் விழாது.

அந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைக்க முடியாத ஒருவர் இருந்தார். அவர் காந்தத்தின் சொந்த அண்ணன். காலேதான் தடை. வலது தொடையிலிருந்து முழங்கால் வரை எஃகுத் தகடும் வரிசையாகத் திருகாணிகளும். மற்றவர்கள் பெல்ட்டைக் கழற்றுவார்கள், அவர் எதைக் கழற்றுவார்? வாசலுக்குச் சற்று முன்னால், நடைவழியில், தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தாள் காந்தம். எப்போதாவது அண்ணன் வந்தால் அந்தக் கோட்டில் நின்றுகொண்டு "பாப்பா" என்று குரல் கொடுப்பார். ஐம்பதை நெருங்குகிற பாப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதைப் பார்த்து நடைவழியில் போகிறவர்கள் சிரிப்பார்கள். அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கிற ஆளாக இல்லை.

அந்தக் கால் நசுங்கும் வரை அண்ணன் ஏரிகளில் துளை போட்டுக்கொண்டிருந்தவர். மிதவையில் கோபுரம் நிறுத்தி, நீளக் குழாயை ஏரியின் அடிச்சேற்றுக்குள் இறக்கி, சேறு கலையாமல் குழாயோடு வெளியே இழுப்பது அவர் தொழில். ஒவ்வொரு தடவையும் ஒரு மீட்டர் சேறு மேலே வரும். வருகிற குழாய் சுழன்றுகொண்டே வரும். கிழக்கு எது மேற்கு எது என்பதெல்லாம் ஏரிக்குள்ளேயே போய்விடும். மிஞ்சுவது மேல், கீழ் என்ற இரண்டு மட்டும்தான். அதையும் தவறவிட்டால் குழாயில் இருப்பது வெறும் சேறு, செடிக்குப் போடலாம். அதனால் குழாய் மரச்சட்டத்தில் வந்து படுத்த மறுநிமிடமே அண்ணன் தன் கையால் மார்க்கரில் ஒரு அம்பு போடுவார். அம்பின் தலை மேல் பக்கம். வாலில் ஒரு சிறு குறுக்குக் கோடு. அந்தக் குறுக்குக் கோடு அவர் கையெழுத்து மாதிரி.

அவருக்கு அம்பு போடுவது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது. வீட்டுக்கு வருகிற அட்டைப்பெட்டி, பரணில் ஏற்றுகிற மூட்டை, மருந்து பாட்டில், எதையும் விட்டதில்லை. "நல்லவேளை, எனக்குத் தலை மேல இருக்குன்னு பாத்தாலே தெரியுது. இல்லேன்னா எனக்கும் போட்டிருப்பாரு" என்பாள் அவர் மனைவி. காந்தத்துக்கு அண்ணி.

அண்ணியும் அதே நிலையத்தில்தான் இருந்தாள். மேல் மாடியில், நுண்ணோக்கிகள் இருக்கும் அறையில். அவள் பிழைப்பு டயாட்டங்களோடு. டயாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. டப்பாவும் மூடியுமாகக் கண்ணாடியில் ஒரு ஓடு கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். பாசி செத்துப்போனாலும் ஓடு சேற்றில் அப்படியே கிடக்கும். எந்தக் காலத்தில் எந்த ஜாதி டயாட்டம் அந்த ஏரியில் இருந்தது என்பதைப் பார்த்தால், தண்ணீர் ஆழமா, ஆழமில்லையா, உப்பா, நல்ல தண்ணீரா என்று சொல்லிவிடலாம். அண்ணி ஓயாமல் எண்ணினாள். கழுத்து வலிக்க வலிக்க எண்ணினாள். அவள் துறையில் மூத்த ஒருவர் ஒரு கூட்டத்தில், "அம்மா நல்லா எண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

அந்த முள்ளை எடுக்க ஒரு வழி கடைசியில் பிறந்தது. அண்ணன் துளை போட்ட கடைசி ஏரி. அதில் கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து வந்த குழாய். அதன் அடி முனையில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு டயாட்டத்தை அண்ணி கண்டுபிடித்தாள். வட்டமாக, ஓரத்தில் பல் பல்லாக, நடுவில் மூன்று புள்ளிகளோடு. அதற்கு மேலே இருந்த அத்தனை குழாய்களிலும் துகள்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க, இந்தக் கடைசிக் குழாயில் மட்டும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன என்று காந்தம் அளந்து சொன்னாள். அப்படியானால் அந்த டயாட்டம் ஏழு லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுக்கு முந்தியது. அதன் குடும்பத்திலேயே மூத்தது. அந்தக் குடும்பம் ஏரிகளுக்கு வந்ததே ரொம்பப் பிந்தி என்று அந்தச் சிரித்த மனிதர் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். அண்ணி கட்டுரை எழுதினாள், பெரிய பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. வருடக் கடைசியில் அவள் ஓய்வு பெறுகிறாள். ஓய்வுக்கு முன் கட்டுரை வந்துவிடும். வீட்டில் அண்ணி பாத்திரம் துலக்கும்போதுகூட முணுமுணுப்பாகப் பாட ஆரம்பித்திருந்தாள்.

பத்திரிகைக்காரர்கள் கடைசியாக ஒரே ஒன்று கேட்டார்கள். அந்தக் குழாயின் நல்ல புகைப்படம் ஒன்று.

குழாய்களை ஆராய்ச்சிக்கு எடுக்கும்போது நெடுக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியிலிருந்து துண்டு துண்டாகச் சேறு எடுத்து அளப்பார்கள். மற்ற பாதியை யாரும் தொடாமல் சாட்சியாகக் குளிர் அறையில் வைத்துவிடுவார்கள். காந்தம் இத்தனை நாளும் அளந்தது முதல் பாதியை. அதில் இருந்த அம்பு பிளக்கும்போது பார்த்து எழுதிய நகல். அன்று மத்தியானம் சாட்சிப் பாதியைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுவந்து, உறையைப் பிரித்து, காய்ந்திருந்த மேல்பரப்பைக் கண்ணாடிச் சில்லால் மெல்லச் சுரண்டி வழவழப்பாக்கினாள். வண்டல் வரிவரியாக வெளியே வந்தது. சாம்பல், வெளுப்பு, மறுபடி சாம்பல். அழகாகத்தான் இருந்தது. கேமராவைப் பொருத்திக்கொண்டே பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

ஏரிக்குள் வெள்ளம் வந்தால் கனமான மணல் முதலில் அடியில் போய் உட்காரும். அதற்கு மேல் மெல்லிய சேறு மெதுவாக இறங்கும். எந்த ஏரியும் இதை மாற்றிச் செய்ததில்லை. இந்தக் குழாயில் ஒவ்வொரு வரியிலும் மெல்லிய சேறு கீழே இருந்தது. மணல் மேலே இருந்தது.

ஏரி மாறவில்லை, குழாய்தான் மாறியிருக்கிறது. தலைகீழாக இருக்கும் குழாயில் துகள்களும் தலைகீழாகத்தான் சாய்ந்திருக்கும். பூமியின் வடக்கு தெற்கு ஒன்றும் அங்கே இடம் மாறவில்லை. அம்புதான் இடம் மாறியிருக்கிறது. திருப்பம் என்பது சேற்றில் கொஞ்சம் கொஞ்சமாக, தடுமாறித் தடுமாறி வர வேண்டும். இதில் மட்டும் கத்தியால் வெட்டினாற்போல, சரியாக இரண்டு குழாய்கள் சந்திக்கிற இடத்தில் வந்திருந்தது. அப்போதே அது அவளை உறுத்தியது. அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த உறுத்தலை அவள்தான் ஓரமாகத் தள்ளி வைத்தாள். அதை இப்போது நினைக்கையில் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

குழாயின் வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு மார்க்கரில் அம்பு இருந்தது. அழுத்தி, இரண்டு மூன்று தடவை மேலேயே இழுத்த அம்பு. வாலில் குறுக்குக் கோடு இல்லை.

புகைப்படம் எடுக்காமல் குழாயை மூடிக் குளிர் அறையில் வைத்துவிட்டு, மரத்தட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் கூடவே நடந்து வந்தது. படத்தை மங்கலாக எடுத்து அனுப்பிவிடலாம். வண்டல் வரிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர் உலகத்தில் எத்தனை பேர்? சொன்னாலோ, அண்ணியின் கட்டுரை போச்சு, அண்ணனின் கடைசிக் குழாயும் போச்சு. தெருமுனையில் சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்து, திட்டிவிட்டுப் போன பிறகுதான் தான் நடுவீதியில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் வீடும் அண்ணன் வீடும் எதிரெதிர் கதவு. அண்ணன் சாப்பாட்டு மேசையில் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி இன்னும் வரவில்லை. காந்தம் எதிரில் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. மேசையில் கிடந்த திருகாணிகளை ஒன்றாகக் குவித்துவிட்டு, "அந்தக் குழாய்ல அம்பு போட்டது நான்தான்" என்றார்.

"அண்ணா, அந்தக் குழாய் மேல வந்தப்பதான சங்கிலி அறுந்து உன் கால் நசுங்குச்சு."

"கால்தான நசுங்குச்சு? கைக்கு என்ன?"

"வால்ல கோடு இல்லையே."

"அவசரத்துல விட்டிருப்பேன்."

"கல்யாணப் பரிசா வந்த பீரோவுக்குக்கூட கோடு போட்ட ஆளு நீ."

"இங்க பாரு பாப்பா." அண்ணன் மேசை மேல் குனிந்தார். "தப்பு என்னோடதுன்னே எழுதிடு. துளை போட்டவன் தப்பாக் குறிச்சுட்டான், அவ்வளவுதான். எனக்கு இனிமே எந்த ஏரி இருக்கு? அவளுக்கு அப்படி இல்ல. அவ பேர் கெடக் கூடாது."

காந்தத்துக்கு அப்போதுதான் யார் போட்ட அம்பு என்று புரிந்தது. அன்றைக்கு மிதவையில் வேறு யார் கையில் மார்க்கர் இருந்திருக்கும்? மற்ற ஆட்கள் எல்லாம் அண்ணனைத் தூக்குவதில் இருந்தார்கள். கடைசிக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு அன்று காலை படகில் வந்திருந்தது அண்ணி. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அண்ணியோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், குழம்பில் உப்புக்கும் ஜன்னல் கதவுக்கும் ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர், இத்தனை பெரிய தப்பை வலிய இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

"உனக்குப் பொய் சொல்லவே வரல அண்ணா" என்றாள்.

"உன்கிட்டதான் வராது. அவகிட்ட வரும். நீ வாயத் திறக்காம இரு."

அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே புகைப்படம் அனுப்பியாயிற்றா என்று கேட்டாள். அண்ணன் முந்திக்கொண்டு, மின்விசிறியின் இறக்கையைத் துடைத்தபடி, ஏதோ பால் வாங்க மறந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "அந்தக் கடைசிக் குழாய்ல நான் அம்பைத் தலைகீழாப் போட்டுட்டேன் போலிருக்கு. பாப்பா இன்னிக்குதான் கண்டுபிடிச்சா."

அண்ணி கையில் பையோடு அப்படியே நின்றாள். கத்துவாள் என்று காந்தம் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பையை மெதுவாக நாற்காலியில் வைத்தாள்.

"நிச்சயமா?" என்று காந்தத்தைக் கேட்டாள்.

"மணல் மேல இருக்கு அண்ணி. எல்லா வரியிலயும்."

"சரி. நாளைக்குக் காலைல நான் பாக்கறேன்" என்றாள். அன்று சாப்பாட்டின்போது மூன்று பேரும் மின்விசிறியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மறுநாள் காலையில் அண்ணி முதலில் தன் அறைக்குப் போனாள். காந்தமும் பின்னாலேயே போனாள். கடைசிக் குழாய், அதற்கு முந்திய குழாய், இரண்டின் கண்ணாடித் தகடுகளையும் எடுத்து வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தாள். அவள் விரல் மட்டும் தகட்டை நகர்த்திக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வாகனத்தைப் பின்னால் எடுக்கிற சத்தம் வந்தது, நின்றது.

"இந்த ரெண்டு குழாயும் சேருற இடத்துல டயாட்டம் திடீர்னு மாறுதுன்னு ஒரு பத்தி எழுதியிருக்கேன்ல" என்றாள் கண்ணை எடுக்காமல். "ஏரி நடுவுல வத்திப் போயிருக்கும், அதான் இடைவெளின்னு."

"ஆமா."

"வத்தல. குழாயத் திருப்பி வெச்சுப் பாத்தா ஒட்டு தெரியாம சேருது. நம்ம மூணு புள்ளிக்காரன் ஒண்ணு ரெண்டு மேல் குழாயோட அடியிலயும் கிடந்தான். பாத்திரம் சரியாக் கழுவல, ஒட்டிக்கிட்டு வந்துடுச்சுன்னு நானே ஒதுக்கிட்டேன்." நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். "அவன் அங்கதான் குடியிருந்திருக்கான். நான்தான் அவன வெளிய தள்ளியிருக்கேன்."

"அப்ப அவனுக்கு என்ன வயசு அண்ணி?"

"அத நீதான் சொல்லணும்."

"ஏழு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் குறைவு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"புதுசுதான். ஆனா மூத்தவன் இல்ல." அண்ணி சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சுடி" என்றாள். காந்தம் அவள் தோளில் கை வைத்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு இருவரும் குளிர் அறைக்குப் போய்க் குழாயை வெளியே எடுத்தார்கள். அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அம்பைக் கிட்டத்தில் பார்த்தாள். அதன் மேல் விரலை ஓட்டினாள். அழுத்தி அழுத்தி இழுத்த அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். காந்தம் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சொல்லி வைத்தது ஒருபக்கம். இன்னொரு பக்கம், தேவையும் இருக்கவில்லை.

"உங்க அண்ணன் பெரிய நடிகரு" என்றாள் அண்ணி. வேறு ஒன்றும் சொல்லாமல் காந்தத்தின் மேசைக்குப் போய், கணினியில் பத்திரிகைக்குக் கடிதம் அடித்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். கடைசிக் குழாயின் மேல் கீழ் மாறியிருக்கிறது. குழாயில் குறியிட்டது நான். மூன்றே வரி. படித்துப் பார்க்காமலே அனுப்பினாள். காந்தம் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"பாப்பா."

நடைவழியிலிருந்து குரல் வந்தது. அண்ணன் மஞ்சள் கோட்டில் சரியாக நின்றுகொண்டிருந்தார். கைத்தடி ஒரு கையில். சட்டைப் பித்தான் ஒன்று தவறிய துளையில் மாட்டியிருந்தது. அத்தனை அவசரமாகக் கிளம்பியிருக்கிறார். அண்ணி வெளியே வந்ததும் அவளைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்து, "எழுதியாச்சா? என் பேரப் போட்டீங்களா?" என்றார்.

"என் பேரப் போட்டுட்டேன்" என்றாள் அண்ணி.

"உன்ன யாரு போடச் சொன்னது? நான்தான் சொல்றேனே, அந்த அம்பு..."

"ஏங்க, போதும்." அண்ணி அவர் பித்தானைக் கழற்றி, சரியான துளையில் மாட்டிவிட்டாள். "என் கோடு எனக்குத் தெரியாதா?"

அண்ணன் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "உனக்கு அன்னிக்கு எதுவும் ஓடியிருக்காது" என்றார் கடைசியில். "நான் வேற அங்க கிடந்துக்கிட்டு அம்பு போடு, அம்பு போடுன்னு உன் உயிர எடுத்தேன். அதுக்குள்ள மயக்கம் வந்துடுச்சு. இல்லேன்னா நானே பாத்துச் சொல்லியிருப்பேன். அதனால தப்பு என்னோடதுதான்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் அண்ணி. "குழாய் சட்டத்துல படுத்திருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சேறு. எது மேல்னு தெரியல. அப்ப உங்க ஆளுங்க சொல்றது ஞாபகம் வந்துச்சு."

காந்தத்துக்கும் அது தெரியும். மிதவையில் புதிதாக வேலைக்கு வருகிற எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அதுதான். சட்டத்தின் ஒரு குறிப்பிட்ட முனையில்தான் அண்ணன் எப்போதும் நிற்பார். குழாய் எதுவாக இருந்தாலும், எந்த ஏரியாக இருந்தாலும், அதன் மேல் முனையை அவர் நிற்கிற பக்கமாக வைத்துத்தான் படுக்கப் போடுவார்கள். மேல் முனை அவர் பக்கம். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டால் பிறகு யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை.

"மேல் முனை அவர் பக்கம்னு சொல்லிக்கிட்டே நிமிர்ந்து பாத்தேன்" என்றாள் அண்ணி. "உங்களப் படகுல ஏத்தறதுக்காகச் சட்டத்தோட மறு கோடிக்குத் தூக்கிட்டுப் போய் படுக்க வெச்சிருந்தாங்க. எனக்கு அது உறைக்கல. நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு மட்டும்தான் பாத்தேன். உங்களப் பாத்து அம்பு போட்டேன்."

நடைவழியில் யாரும் இல்லை. மேலே குழல்விளக்கு ஒன்று சன்னமாக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தரையைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவி அதில் இல்லாத எதையோ தேடினார்.

காந்தம் உள்ளே போய்த் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே நிறுத்தினாள். சாட்சிப் பாதியைப் பக்கவாட்டில் திருப்பி, வெளிப்புறம் தெரிகிற மாதிரி வைத்து, மார்க்கரை அண்ணனிடம் நீட்டினாள். "நீயே சரியான அம்பைப் போட்டுடு. அடுத்து வர்றவங்களுக்குக் குழப்பம் வேண்டாம்."

அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மண்வரிகளை ஒரு தடவை பார்த்தார். மணல் எந்தப் பக்கம், சேறு எந்தப் பக்கம் என்று விரலால் காற்றிலேயே கணக்குப் போட்டார். பிறகு பழைய அம்புக்குப் பக்கத்தில், எதிர்ப்பக்கம் தலை வைத்து, ஒரே இழுப்பில் ஒரு அம்பு போட்டார். வாலில் சின்னதாகக் குறுக்குக் கோடு. மிதவையை விட்டு வந்தபின் அவர் ஒரு குழாயில் போடுகிற முதல் அம்பு.

"அதை அடிச்சுடுங்க" என்றாள் அண்ணி, தன் அம்பைக் காட்டி.

நிலையத்தில் அதற்கு விதி இருந்தது. தப்பான குறியை அழிக்கக் கூடாது, நடுவில் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட வேண்டும். விதியை எழுதி சுவரில் ஒட்டியதே காந்தம்தான். அண்ணன் மார்க்கரின் மூடியைப் போட்டு வண்டியில் வைத்தார்.

"அதுல என்ன தப்பு?" என்றார். "அன்னிக்கு நான் எங்க கிடந்தேன்னு சரியாத்தான காட்டுது."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அண்ணன் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கால் வலிக்கிறது, எங்கேயாவது உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் தேவலை என்றார். இருவரும் நடைவழியில் மெதுவாக நடந்து போனார்கள். மூன்று புள்ளிக்காரனுக்கு இனி என்ன பெயர் வைப்பது, கட்டுரையை எங்கிருந்து திருத்தி எழுதுவது என்று அதற்குள் அண்ணி பேச ஆரம்பித்திருந்தாள். அண்ணன் அதில் ஏதோ குறுக்கே பேசினார். அவள் அது அப்படியில்லை என்றாள்.

காந்தம் ஒரு சீட்டை எடுத்து, வாலில் கோடு உள்ள அம்பே மேல் என்று எழுதிக் குழாயில் ஒட்டினாள். தேதி போட்டாள். விதிப்படி மற்ற அம்பை அடித்திருக்க வேண்டும். மார்க்கரைக் கையில் எடுத்தவள், அதைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் குளிர் அறைக்கு உருட்டிக்கொண்டு போனாள்.